பத்து வாரம் தங்க வரும் அக்காவுக்கு எந்த வீடு?

கேள்வி: லண்டனில் இருக்கும் என் அக்காவும் அத்தானும் தைப்பூசத்தை ஒட்டி வந்து பத்து வாரம் கோலாலம்பூரில் தங்கப் போகிறார்கள். இருவரிடமும் பிரிட்டிஷ் கடப்பிதழ். எங்கள் வீட்டில் இரண்டே அறை, பிள்ளைகளுக்குப் படிப்பு வேறு. அக்கா சமைத்துத்தான் சாப்பிடுவார். அத்தானுக்கு முட்டிவலி. சர்வீஸ் அபார்ட்மெண்ட் எடு என்கிறார் ஒருவர், ஏர்பிஎன்பி போதும் என்கிறார் இன்னொருவர், மூன்று மாதத்துக்கு ஒரு கொண்டோவை வாடகைக்குப் பிடி என்கிறார் என் கணவர். மாதம் 4,000 வெள்ளிக்குள் எது சரிவரும்? – ஒரு வாசகி, செந்தூல்

பதில்: மூன்று பேரும் ஒரே வீட்டையே கொண்டுவந்து காட்டினாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். நம் ஊரில் குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது.

சர்வீஸ் அபார்ட்மெண்ட் என்றதும் தினமும் வந்து கூட்டிப் பெருக்கி, படுக்கை விரிப்பு மாற்றிவிட்டுப் போவார்கள் என்று வெளியூரிலிருந்து வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அஸ்காட், சோமர்செட் மாதிரி ஒரே நிறுவனம் நடத்தும் இடங்களில் அது உண்மை. ஆனால் மலேசியாவில் அந்தப் பெயருக்கு இன்னொரு பொருளும் உண்டு. வணிக நிலத்தில் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் அதே பெயர்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி உரிமையாளர். சர்வீஸ் என்று ஒன்றும் கிடையாது. மின்சாரமும் தண்ணீரும் வணிகக் கட்டணத்தில் வரக்கூடும் என்பதுதான் வித்தியாசம். அதே வீட்டை உரிமையாளர் ஏர்பிஎன்பியிலும் போடுவார், முடா என்ற விளம்பரத் தளத்திலும் போடுவார், ஏஜெண்டிடமும் கொடுத்து வைப்பார். அதனால் விளம்பரத்தில் உள்ள பெயரை விட்டுவிட்டு, இது யார் கையில் இருக்கும் வீடு என்று பாருங்கள்.

அடுத்து, விலை கேட்பதற்கு முன் அந்தக் கட்டடத்தின் மேனேஜ்மென்ட் ஆபீஸுக்கு ஒரு போன் போடுங்கள். குறுகிய கால வாடகைக்கு விடலாமா, குறைந்தது எத்தனை மாதம் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். மோன்ட் கியாராவில் உள்ள வெர்வ் சூட்ஸ் வழக்கில் 2020-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. ஏர்பிஎன்பி பாணியில் நாள் கணக்கில் விடுவதைத் தடுக்க நிர்வாகக் குழு துணைவிதி போடலாம் என்பது தீர்ப்பு. அப்படித் தங்குகிறவர் வாடகைதாரர் அல்ல, வெறும் அனுமதி பெற்ற விருந்தாளி என்று நீதிமன்றம் பார்த்தது. இந்த ஒரு வேறுபாடு உங்களுக்கு முக்கியம். முறையாக எழுதி, முத்திரைக் கட்டணம் கட்டிய வாடகை ஒப்பந்தம் கையில் இருந்தால் உங்கள் அக்கா அந்த வீட்டின் வாடகைதாரர். இல்லையென்றால் காவலாளி தடுத்தால் பேச ஒன்றும் இருக்காது.

சில வருடங்களுக்கு முன் எனக்கே நடந்தது. தெரிந்த ஒருவரின் பெரியப்பா, பெரியம்மாவுக்காக நகரின் நடுவில் ஒரு கொண்டோவில் இணையம் வழியாக ஒரு மாதத்துக்கு எடுத்துக் கொடுத்தேன். பத்தாம் நாள் இரவு வெளியே போய்விட்டு வந்தால் அட்டை வேலை செய்யவில்லை, லிஃப்ட் நகரவில்லை. காவலாளி ‘தாக் போலே’ (முடியாது) என்று ஒரே வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கட்டடத்தில் முந்தின மாதமே தடை போட்டிருந்தார்கள். உரிமையாளர் போனை எடுக்கவில்லை. மேனேஜ்மென்ட்டை நான் கேட்காமல் விட்டது என் தப்பு. அந்த இரவு அவர்கள் என் வீட்டு ஹாலில் படுத்தார்கள்.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். ஹோட்டல் மாதிரி நடத்தும் இடம் என்றால் 8 விழுக்காடு சேவை வரி வரும். அத்துடன் வெளிநாட்டவருக்கு ஒரு அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி. எழுபது இரவுக்கு 700 வெள்ளி. 2023 முதல் இணையத் தளங்கள் வழியாகப் பதிவு செய்கிறவர்களுக்கும் இந்தச் சுற்றுலா வரி உண்டு. காட்டும் விலையில் இவை சேர்ந்திருக்கிறதா என்று கடைசிப் பக்கம் வரை பாருங்கள்.

வீட்டை வாடகைக்கு எடுப்பதில் சுமை வேறு மாதிரி. ஊர் வழக்கப்படி இரண்டு மாத முன்பணம், மின்சாரம், தண்ணீருக்கு அரை மாதம், முதல் மாத வாடகை. வாடகை 2,500 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், சாவி வாங்கும் அன்று 8,750 வெள்ளி கையில் வேண்டும். இது ஒரு வருட ஒப்பந்தத்துக்கான பழக்கம். மூன்று மாதத்துக்கு உரிமையாளர் இறங்கி வருவது குறைவு, வந்தால் வாடகையைக் கொஞ்சம் ஏற்றிக் கேட்பார். அதற்குப் பதிலாக முன்பணத்தை ஒரு மாதமாகக் குறைக்கச் சொல்லுங்கள், அது நியாயமான பேரம். இணைய இணைப்பு முன்பே இருக்கும் வீடாகப் பாருங்கள். நீங்களே போடப் போனால் பெரும்பாலும் இரண்டு வருட ஒப்பந்தம் கேட்பார்கள்.

என் கருத்தைக் கேட்டால், உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. எல்லாப் பொருளும் உள்ள ஒரு கொண்டோ, மூன்று மாத ஒப்பந்தம், செந்தூலிலேயே. பத்து வாரத்துக்கு மூன்று மாத வாடகை கொடுப்பது வீண் என்று தோன்றும். ஆனால் நாள் கணக்கு விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இதுதான் மலிவாக முடியும். அப்புறம், அக்கா தனியாகச் சமைத்தாலும் மத்தியானம் குழம்பு உங்கள் வீட்டுக்கு வந்துவிடும் தூரம். பத்துமலைக்குப் போகும் கொமுட்டர் ரயில் செந்தூலில் நிற்கிறது. எதிர்ப்பக்கம் ஏறினால் கே.எல். சென்ட்ரல்.

பிரிக்ஃபீல்ட்ஸை அத்தான் கேட்கக்கூடும். வாழையிலைச் சாப்பாடு, ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோவில், மோனோரயில் எல்லாம் பக்கத்திலேயே. ஆனால் அங்கே நடைபாதை ஒரு சீராக இருக்காது, இரண்டு கடைக்கு ஒரு படி ஏறி இறங்க வேண்டும். முட்டிவலிக்காரருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். புக்கிட் பிந்தாங் பேச்சே வேண்டாம்.

வீடு பார்க்கப் போகும்போது நீச்சல் குளத்தைப் பார்க்க வேண்டாம், அடுப்பைப் பாருங்கள். குறுகிய காலத்துக்கு விடும் வீடுகளில் கேஸ் அடுப்பு அபூர்வம். ஒரு இண்டக்‌ஷன் தட்டுதான் இருக்கும். அதில் அலுமினியக் குக்கரும் இட்லிப் பானையும் சூடேறாது. ‘ஃபுல்லி ஃபர்னிஷ்ட்’ என்று எழுதியிருப்பார்கள், கரண்டி எண்ணிப் பார்த்தால் நாலு இருக்கும், மிக்ஸி இருக்காது. சமைக்கலாமா என்று பொதுவாகக் கேட்காதீர்கள், தாளிக்கலாமா என்று கேளுங்கள். துணி காயப்போட இடம், குளியலறைத் தரை வழுக்குகிறதா, லிஃப்ட் ஒன்றா இரண்டா என்பதும் முக்கியம். ஒரு நல்ல செய்தி: லண்டன் பிளக் நம் ஊர்ச் சுவரில் அப்படியே பொருந்தும்.

நேரில் பார்க்காமல் ஒரு காசும் அனுப்பாதீர்கள். ‘நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் போட்டால் சாவியை அனுப்புகிறேன்’ என்று ஒருவர் எழுதினால் அத்துடன் விட்டுவிடுங்கள். ஏஜெண்ட் வந்தால் அவர் கழுத்து அட்டையில் ஆர்.இ.என். என்ற பதிவு எண் இருக்கும்; அதைச் சொத்து முகவர்கள் வாரியத்தின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். பணம் நிறுவனத்தின் கணக்குக்குப் போக வேண்டும், அவருடைய சொந்தக் கணக்குக்கு அல்ல. கடப்பிதழ் நகல் கேட்பது வழக்கம்தான், நகலின் குறுக்கே ‘வாடகைக்கு மட்டும்’ என்று எழுதிக் கொடுங்கள். அசலை யாரிடமும் விட வேண்டாம்.

பிரிட்டிஷ் கடப்பிதழுக்கு விசா இல்லாமல் 90 நாள் தருகிறார்கள், பத்து வாரம் அதற்குள் அடங்கும். விமானம் ஏறும் முன், வந்து சேரும் நாளுக்கு மூன்று நாளுக்குள், மின்னியல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பச் சொல்லுங்கள். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது தமிழ்நாட்டிலிருந்து உறவினர் வருவதாக இருந்தால் கணக்கு வேறு: 2023 டிசம்பர் முதல் இந்தியக் கடப்பிதழுக்கு விசா இல்லாத தங்கல் 30 நாள்தான். அவர்களுக்காக மூன்று மாத ஒப்பந்தம் போட்டுவிடாதீர்கள்.

நடுவில் பினாங்குக்கு ஒரு வாரம் போகும் யோசனை இருந்தால் அங்கே ஹோட்டலே எடுங்கள். குடியிருப்புக் கட்டடங்களில் குறுகிய கால வாடகைக்கு விடுவதைத் தீவின் மாநகர் மன்றம் 2023-இல் கட்டுப்படுத்திவிட்டது. ஒரு வாரத்துக்காக அந்தத் தலைவலி எதற்கு?

கடைசியாக ஒன்று. சாவி வாங்கும் நாளில் ஒவ்வொரு அறையையும், மின் மீட்டரையும் படம் எடுத்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ஒப்பந்தம் அக்கா பெயரில் இருக்கட்டும். ஆனால் முன்பணம் திரும்ப வரும் வங்கிக் கணக்கு உங்களுடையது என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள். விமானம் ஏறிப் போய்விட்டவருக்கு லண்டன் வரை பணம் அனுப்ப எந்த உரிமையாளரும் அவசரப்பட மாட்டார்; செந்தூலில் இருக்கும் நீங்கள் போய்க் கதவைத் தட்டலாம்.