பருத்திக்கு அனுமதி, கத்தரிக்குத் தடை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மரபணு மாற்றிய கத்தரிக்காய்க்கு இந்தியாவில் தடை இருக்கிறது. ஆனால், மதுரையில் நாங்கள் குடிக்கும் பருத்திப்பால், மரபணு மாற்றிய ‘பி.டி.’ பருத்தியின் கொட்டையில் செய்ததாகவும் இருக்கலாமே. ஒன்றைத் தடுத்து மற்றொன்றை விடுவது எந்தச் சட்டப்படி?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: இரண்டுக்கும் சட்டம் ஒன்றுதான். 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, மரபணு மாற்றிய பயிர் எதுவானாலும் மத்தியக் குழு ஒன்றின் அனுமதியைப் பெற்ற பிறகே வயலுக்கு வர முடியும். 2002இல் பி.டி. பருத்திக்கு அந்த அனுமதி கிடைத்தது. துணிக்கான பயிர் என்றே எல்லோரும் அதைப் பார்த்தார்கள். கொட்டை மாட்டுத் தீவனமாவதையும், எண்ணெயாகிச் சமையலறைக்குள் வருவதையும், உங்கள் ஊரில் சுக்கும் கருப்பட்டியும் சேர்ந்த பருத்திப்பாலாவதையும் அன்று பெரிதாகப் பேசியவர்கள் குறைவு. இன்று நாட்டின் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் பி.டி. என்பதால், கடைக்கு வரும் கொட்டை எந்த வகை என்று விற்பவரே உறுதியாகச் சொல்ல முடியாது.

கத்தரிக்காய் அப்படியன்று. நறுக்கினால் உள்ளே கறுத்த துளையும் புழுவும் இருக்கும் சொத்தைக் காயைப் பார்க்காத வீடில்லை. அந்தக் காய்த்துளைப்பானைக் கட்டுப்படுத்த விவசாயி திரும்பத் திரும்ப மருந்து அடிக்க வேண்டியிருக்கிறது என்பதால், மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் செடியில் சேர்த்தார்கள். அதனால் செடியில் உருவாகும் புரதமே, கடிக்கும் புழுவைக் கொன்றுவிடும். 2009 அக்டோபரில் குழு இசைவளித்தது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 7 நகரங்களில் மக்களிடம் கருத்துக் கேட்டபின், 2010 பிப்ரவரி 9 அன்று அதை நிறுத்திவைத்தார். கத்தரியின் பிறப்பிடங்களுள் ஒன்றான நம் நாட்டில் ஆயிரக்கணக்கான ரகங்கள் இருப்பதும், மாநிலங்கள் பலவும் எதிர்த்ததும், சார்பற்ற ஆய்வுகள் போதாமையும் அவர் கூறிய காரணங்களில் அடங்கும். அண்டை நாடான வங்கதேசமோ 2014 முதல் அதைப் பயிரிடுகிறது.

நிறுத்திவைத்தது சரியென்றே நான் கருதுகிறேன். ஆனால், 15 ஆண்டுகளுக்கு மேலாகியும் அதே நிலையில் விட்டுவைத்திருப்பது, ஐயத்துடன் இருப்பவருக்கும் மருந்து அடித்துத் தளர்ந்த விவசாயிக்கும் செய்யும் அநீதி. மரபணு மாற்றிய கடுகுக்கு மத்தியக் குழு தந்த அனுமதியை எதிர்த்த வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் மாறுபட்ட தீர்ப்பை அளித்தபோதிலும், தேசியக் கொள்கை ஒன்றை மத்திய அரசு வகுக்க வேண்டும் என்பதில் ஒத்துப்போனார்கள். அந்தக் கொள்கையில், உண்ணும் பயிர், உண்ணாத பயிர் என்ற பொருந்தாத பிரிவினையைக் கைவிட்டு, மக்களின் வாய்க்குள் போகும் எதையும் உணவாகவே எண்ணிச் சோதிக்க வேண்டும்.

கேள்வி: 2025இல் அறிவித்த ‘கமலா’ நெல்லும் மரபணு மாற்றியதுதானே?
– ஒரு விவசாயி, தஞ்சாவூர்

பதில்: சட்டத்தின் பார்வையில் இல்லை. நம் பக்கத்தில் ஆந்திரா பொன்னி எனப்படும் சம்பா மசூரியின் மரபணுவையே திருத்தி உருவாக்கிய ரகம் அது. வேற்று உயிரின் மரபணு அதில் இல்லை. அத்தகைய பயிர்களுக்கு 1989 விதிகளின் முக்கியப் பிரிவுகளிலிருந்து 2022 மார்ச்சில் மத்திய அரசு விலக்களித்தது. எனினும், விதைப் பையிலும் அரிசிச் சாக்கிலும் மரபணு திருத்தியது என்பதைத் தெளிவாக அச்சிட வேண்டும் என்று கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு.