கிளேர் தகட்டை வளைத்தால் முதலில் எது உடையும்?
விமான உடலுக்கான அடுக்குத் தகடான கிளேரில் முதலில் உடைவது அலுமினியமா, கண்ணாடி இழையா, நடுவில் இருக்கும் பசையா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுமே நடக்கும், தகட்டைக் கீழிருந்து தாங்கும் இரு தாங்கிகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது.

ஏர்பஸ் ஏ380-இன் உடல் மேற்புறத்தில் பயன்பட்ட கிளேரில், 0.2 முதல் 0.5 மி.மீ. வரையான அலுமினியத் தகடுகளும் எபாக்சி என்ற பிசினில் ஊறிய கண்ணாடி இழைகளும் மாறி மாறி ஒட்டியிருக்கும். மூன்று புள்ளி வளைவுச் சோதனையில், அதாவது இரு தாங்கிகளின் மேல் வைத்து நடுவில் அழுத்தும்போது, மேல்பக்கம் அமுங்கும், கீழ்ப்பக்கம் இழுபடும். முதலில் வெளி அலுமினியம் நிரந்தரமாக வளையத் தொடங்கும், சுமைக்கு எவ்வளவு வளைகிறது என்று காட்டும் வரைபடத்தில் கோடு சாய்வது அங்கேதான், ஆனால் அது உடைவு இல்லை, இழைகள் இன்னும் சுமையைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கும்.

தூரம் அதிகமென்றால் கடைசியில் கீழ்ப்பக்க இழைகள் அறும், இல்லையென்றால் மேலடுக்கு பிரிந்து புடைக்கும். தூரம் குறைந்தால் கதையே வேறு: நடுத்தளத்தில் சறுக்குத் தகைவு (அடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்று நகர்த்தப் பார்க்கும் அழுத்தம்) ஏறி, அடுக்குகள் சீட்டுக்கட்டு மாதிரி வழுக்கி ஒட்டு விட்டுப்போகும். அங்கே விட்டுப்போனது ஒட்டுதான் என்பதால், குட்டைத் துண்டில் கிடைத்த எண்ணை வளைவு வலிமை என்று அறிக்கையில் போடுவது தப்பு.

அப்புறம், இழைகளின் திசைக்குக் குறுக்காக வெட்டிய துண்டென்றால் இழையால் பெரிய பலன் இல்லை, பிசின்தான் முதலில் விரிசல் விடும்.