பிரேக் பேட், டிஸ்க்: கேட்டவர்களுக்குப் பதில்

பிரேக் பற்றிக் கேட்டு அனுப்புங்கள் என்று சொன்னதும் வந்த கேள்விகள் இவை. சில்லோடு சுழலும் டிஸ்க், அதைப் பிடிக்கும் பேட், பேட்டை அழுத்தும் கலிப்பர், இவைதான் என் கை பழகிய வேலை. விலை கேட்டவர்களுக்குப் பதில் இல்லை, அது கடைக்குக் கடை மாறும். பெயர்களை விட்டுவிட்டு ஊரையும் காரையும் மட்டும் போட்டிருக்கிறேன்.

செங்கலடி, விட்ஸ்: காலையில் எடுத்ததும் முதல் இரண்டு மூன்று பிரேக்குக்குக் கரகரவென்று சத்தம். பிறகு இல்லை. பேட் முடிந்துவிட்டதா?

இல்லை தம்பி. டிஸ்க் வார்ப்பிரும்பு. நம் உப்புக் காற்றிலும் மாரி ஈரத்திலும் ஓர் இரவு நின்றாலே மேலே துரு படியும். நாலு பிரேக் பிடித்தால் பேட் அதை வழித்துவிடும். கவனிக்க வேண்டிய சத்தம் வேறு. ஓடும்போது கீச்சென்று மெல்லிய சத்தம் விடாமல் வந்தால், பேட்டில் இருக்கும் சின்னத் தகடு டிஸ்கில் உரசுகிறது. பேட் முடியப்போகிறது என்று சொல்லத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அதையும் பொருட்படுத்தாமல் ஓடினால் அடுத்தது இரும்பு இரும்பை அராவும் சத்தம். அதற்குப் பிறகு பேட் மட்டும் வாங்கிப் பயனில்லை, டிஸ்கும் போய்விடும்.

ஆரையம்பதி, அல்டோ: எத்தனை கிலோமீட்டருக்கு ஒருக்கா பேட் மாற்ற வேண்டும் அண்ணன்?

கிலோமீட்டரில் பதில் இல்லை. கல்லடிப் பாலத்தைத் தாண்டி டவுனுக்குள் சுற்றும் காரும், கிழமைக்கு ஒருக்கா கொழும்பு போய்வரும் காரும் ஒரே தூரம் ஓடினாலும் ஒரே அளவு தேயாது. பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். புதிய பேட்டில் உராயும் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர் தடிப்பு. 3 மில்லிக்கு வந்தால் மாற்றுங்கள். சில்லின் இடைவெளிக்குள்ளால் எட்டிப் பார்த்தால் தெரிவது வெளிப்பக்கப் பேட் மட்டும். வெளிப்பேட் பாதி இருக்க உள்பேட் தகடுவரை போன கார்கள் வாரத்துக்கு வாரம் வருகின்றன. கலிப்பர் அசைந்து ஓடும் ஆணி (பின்) இறுகினால் அப்படித்தான் ஆகும். சில்லைக் கழற்றி இரண்டையும் பாருங்கள்.

காத்தான்குடி, வேகன் ஆர்: அண்ணன், முன் பேட்டை நானே மாற்றலாம் என்று இருக்கிறேன். எங்கே பிழைக்கும் என்று மட்டும் சொல்லுங்கள்.

ஸ்பெனர் பிடிக்கத் தெரிந்தால் மாற்றலாம். பிழைக்கும் இடங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் காரைத் தூக்கும் ஜக். நம் வீட்டு முற்றம் மணல். ஜக்குக்குக் கீழே தடித்த பலகை இல்லாவிட்டால் அது சரிந்து புதையும். நட்டைச் சில்லு நிலத்தில் இருக்கும்போதே கொஞ்சம் இளக்குங்கள். பின் சில்லுக்குக் கட்டை, தூக்கிய பிறகு கீழே ஸ்டான்ட். ஸ்டான்ட் இல்லாமல் காருக்கு அடியில் கையும் போகக்கூடாது.

அடுத்தது கலிப்பர். கழற்றினால் கம்பித் துண்டு ஒன்றால் ஸ்பிரிங்கில் கட்டிவிடுங்கள். ரப்பர் ஹோஸில் தொங்க விடாதீர்கள். ஹோஸ் உள்ளே கிழிந்தால் வெளியே ஒன்றும் தெரியாது.

கலிப்பருக்குள் இருந்து பேட்டைத் தள்ளும் பிஸ்டனை உள்ளே தள்ளுவதற்கு முன் பொனெட்டைத் திறந்து பிரேக் ஒயில் டாங்கியைப் பாருங்கள். பேட் தேயத் தேய ஒயில் மட்டம் இறங்கும், அது இயல்பு. யாராவது அதைக் குறை என்று நினைத்து இடையில் ஊற்றியிருந்தால், பிஸ்டனைத் தள்ளும்போது பொங்கி வழியும். பிரேக் ஒயில் பெயின்டைத் தின்னும், பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். தள்ளுவதற்குப் பழைய பேட்டைப் பிஸ்டன்மேல் வைத்து ஜி கிளாம்பால் மெதுவாக இறுக்குங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் தூசி மறைக்கும் ரப்பர் கிழியும்.

கலிப்பர் பின் இரண்டையும் உருவித் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கோன் கிரீஸ் பூசுங்கள். வேறு வேலைக்கு வைத்திருக்கும் சாதாரணக் கிரீஸ் ரப்பரை ஊத வைத்துப் பின்னை இறுக்கும். பேட்டின் காது உட்காரும் இடத்தில் கிளிப்பைக் கழற்றி அடியிலிருக்கும் துருவைக் கம்பித் தூரிகையால் எடுங்கள். பேட் விரலால் தள்ள ஓட வேண்டும். சுத்தியலால் தட்டி ஏற்றினால் அது திரும்பி வராது, உரசிக்கொண்டே ஓடும்.

தூசியைக் காற்றுக் குழாயால் ஊதாதீர்கள். பழைய, மலிவான பேட்டிலும் டிரம் லைனரிலும் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துத் துடையுங்கள்.

எல்லாம் பூட்டியதும், ஸ்டார்ட் பண்ண முன் பெடலை மிதியுங்கள். பிஸ்டன் உள்ளே போய் இருப்பதால் முதல் மிதி தரைவரை போகும். கெட்டியாகும்வரை மிதித்த பிறகுதான் காரை அசைக்கலாம். அதைச் செய்யாமல் ரிவர்ஸ் எடுத்து மதிலில் மோதியவர்கள் இருக்கிறார்கள்.

புதிய பேட்டை டிஸ்கோடு பழக்க வேண்டும். செங்கலடியிலிருந்து கரடியனாறுப் பக்கம் ரோடு அமைதி. பின்னால் வாகனம் இல்லை, முன்னால் மாடு இல்லை என்று பார்த்து, 60 இலிருந்து 15 வரை அழுத்திக் குறையுங்கள். முழுதாக நிற்க வேண்டாம். சற்று ஓடி மறுபடியும், ஒரு பத்துத் தடவை. பிறகு பிரேக்கைத் தொடாமல் ஓடி ஆறவிடுங்கள்.

கல்முனை, ஆக்சியோ: எத்தனை கிலோமீட்டருக்கு ஒருக்கா…

மேலே ஆரையம்பதிக்காரருக்குச் சொன்னதுதான்.

களுவாஞ்சிக்குடி, விட்ஸ்: ஊரில் பிரேக் அருமை. கண்டி போய்த் திரும்பும்போது பதினெட்டு வளைவில் கருகிய மணம், பெடல் கீழே போனது. ஊருக்கு வந்ததும் திரும்ப நல்லாகிவிட்டது. என்ன காரணம்?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் உட்கார்ந்ததே. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரம் முழுக்கச் சமதரை. கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று எவ்வளவு ஓடினாலும் பிரேக் சூடேற வாய்ப்பில்லை. அதனால் பிரேக்கின் குறை எதுவும் இங்கே வெளிவராது. கண்டியிலிருந்து மகியங்கனைப் பக்கம் அந்தப் பதினெட்டு வளைவில் இறங்கும்போதுதான் வெளிவரும்.

அந்த இறக்கத்தில் நடக்கக்கூடியது இரண்டு. பெடல் கெட்டியாக இருந்தும் கார் நிற்கவில்லை என்றால் பேட் அளவு மீறிச் சூடேறி வழுக்குகிறது. பெடல் பஞ்சாகிக் கீழே போனால் ஒயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவி நிற்கிறது. உங்களுக்கு நடந்தது இரண்டாவது. பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் 140 இலேயே கொதிக்கலாம். டொட் 4 க்கு அது 230, 155. ஆறியதும் ஆவி திரும்ப ஒயிலாகிவிடும், அதுதான் ஊருக்கு வந்ததும் நல்லானது. உண்மையில் ஒன்றும் நல்லாகவில்லை. ஒயிலை முழுதாக மாற்றுங்கள், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருக்கா. இறக்கத்தில் கியரைக் குறையுங்கள். ஓட்டோமெட்டிக் கியர் என்றால் S, L, B, எது இருக்கிறதோ அதில் போடுங்கள். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய லொறி டிரைவர்மார் சொல்வது சரிதான்.

அக்கரைப்பற்று, அலியன்: 70 இல் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் ஆடுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டது, லேத்தில் கடைய வேண்டும் என்கிறார் மெக்கானிக். கடையலாமா, புதிது போடலாமா?

டிஸ்க் அப்பளம் மாதிரி வளைவதில்லை. சுற்றில் ஓரிடம் தடிப்பாகவும் மற்றோரிடம் மெல்லியதாகவும் தேய்ந்திருக்கும், அல்லது பேட்டின் பொருள் சில இடங்களில் ஒட்டியிருக்கும். அதற்கும் அடிக் காரணம் பல வேளை டிஸ்க் உட்காரும் ஹப்பில் இருக்கும் துரு. சுழலும்போது டிஸ்க் ஆடுவதற்கான எல்லை பொதுவாக 0.05 மில்லிமீட்டர்தான், ஒரு துருச் செதில் போதும். முதலில் தடிப்பை அளவுங்கள். டிஸ்கில் குறைந்தபட்சத் தடிப்பு எண்ணாகவே பொறித்திருக்கும். வேர்னியரை அப்படியே வைத்தால் விளிம்பில் தேயாமல் நிற்கும் வரம்பில் தட்டிப் பிழையான அளவு வரும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு நாணயத்தை வைத்து அளந்து, நாணயங்களின் தடிப்பைக் கழித்துவிடுங்கள். அளவு எல்லையை ஒட்டி இருந்தால் கடையாதீர்கள், புதிது போடுங்கள்.

ஏறாவூர், லேத் பட்டறை: எல்லாரையும் புதிது வாங்கச் சொல்லி எங்கள் வயிற்றில் அடிக்கிறீர்களே! 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அவ்வளவு காலமும் இந்தக் கார்களை ஓட வைத்தது எங்கள் லேத். கடையில் கிடைக்கிற மலிவுப் புது டிஸ்கைவிட ஜப்பானில் வந்த பழைய டிஸ்கைக் கடைந்தது நல்லது.

காக்கா, எல்லையை ஒட்டி இருந்தால் என்றுதான் எழுதினேன். தடிப்பு மிச்சம் இருந்தால் நானே லேத்துக்கு அனுப்புகிறேன். மலிவு டிஸ்க் பற்றிச் சொன்னதும் உண்மை, பெட்டிக்குள் இருந்து எடுத்ததிலேயே ஆடும் டிஸ்க் உண்டு. என் கேள்வி ஒன்றுதான்: கடைந்து முடிந்தபின் எத்தனை மில்லி மிச்சம் என்று யாராவது எழுதிக் கொடுக்கிறார்களா?

அம்பாறை, கரிப்: நடுவில் வருகிறேன். இரண்டு தடவை கடைந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு மாதம் நல்லாக இருந்து திரும்ப ஆட ஆரம்பித்தது. லேத் வேலை சரியில்லை என்றுதான் நினைக்கிறேன்.

லேத்தைக் குறை சொல்ல முன் ஹப்பைத் துடைத்தார்களா என்று கேளுங்கள். துருமேல் பூட்டினால் எப்படிக் கடைந்த டிஸ்கும் சாய்ந்துதான் சுழலும். ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்கின் ஒரே இடம் பேட்டில் உரசி, ஒரு மாதத்தில் அந்த இடம் மெலியும். இரண்டு தடவை கடைந்ததால் தடிப்பும் குறைந்திருக்கும். இனிக் கடையாமல் புதிது போடுங்கள்.

ஏறாவூர், லேத் பட்டறை: பார்த்தீர்களா, பூட்டியவரின் பிழை! என்னிடம் மைக்ரோமீட்டர் இருக்கிறது. டிஸ்கைக் கொண்டு வருகிறவர் அளவைக் கேட்பதே இல்லை. "பளபளவென்று ஆக்கிக் கொடுங்கள்" என்பார், அவ்வளவுதான்.

கேட்காவிட்டாலும் டிஸ்கின் நடுவில் பெயின்டால் எழுதிக் கொடுங்கள் காக்கா. அந்த எண் எல்லைக்குக் கீழே என்றால் வேலையை ஏற்காதீர்கள். மெல்லிய டிஸ்க் சீக்கிரம் சூடேறும். ஏறாவூரில் அது தெரியாது, பதினெட்டு வளைவில் தெரியும்.

ஏறாவூர், லேத் பட்டறை: எழுதலாம். அதற்கும் காசு குறைக்கச் சொல்வார்கள்.

அக்கரைப்பற்று, அலியன்: என் கேள்வியை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். அளந்தேன், எல்லைக்கு மேலே தாராளமாக இருக்கிறது.

அப்படியானால் ஏறாவூருக்கே கொண்டுபோங்கள். கழற்றுவதற்குச் சுத்தியல் வேண்டாம், டிஸ்கில் மரை வெட்டிய இரண்டு ஓட்டை இருக்கும். அதில் 8 மில்லி போல்ட் இரண்டைப் போட்டு மாறி மாறி இறுக்கினால் தானாக வெளியே வரும். ஹப்பைக் கம்பித் தூரிகையால் பளபளப்பாக்கிப் பூட்டுங்கள். கலிப்பரை ஹோஸில் தொங்க விடாதீர்கள். நட்டை எதிரெதிராக, ஒரே இறுக்கத்தில். டொயோட்டாச் சிறு கார்களுக்கு 103 நியூட்டன் மீட்டர். டயர் கடையின் நட்டு இறுக்கும் துப்பாக்கியால் கண்டபடி இறுக்கினாலும் ஆட்டம் வரும்.

பொத்துவில், அல்டோ: பிரேக் பேட் எத்தனை கிலோமீட்டர்…

ஆரையம்பதிக்குப் போங்கள்.

வாழைச்சேனை, ஆக்வா: ஹைபிரிட்டிலும் இதே முறைதானே?

இல்லை. டிரைவர் கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் தானாக அழுத்தம் ஏற்றும். கலிப்பர் கழன்று கிடக்கும்போது அது நடந்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும், விரலும் போகலாம். ஒயில் மாற்றிக் காற்று எடுப்பதற்கும் ஸ்கேனர் வேண்டும். ஸ்கேனர் உள்ள ஹைபிரிட் கராஜுக்கே போங்கள்.

ஓட்டமாவடி, விட்ஸ்: இடது பக்கப் பேட் மட்டும்தான் முடிந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றலாமா?

முடியாது. இரண்டு பக்கமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கார் ஒரு பக்கம் இழுக்கும். இடது மட்டும் ஏன் முடிந்தது என்பதையும் பாருங்கள், பின்னோ பிஸ்டனோ இறுகியிருக்கும். கலிப்பரைக் கழற்றும்போது, ஹோஸில்… சரி, தெரியும்தானே.

கிரான், மோட்டார் சைக்கிள்: டிஸ்கில் மூன்று கோடு விழுந்திருக்கிறது.

பைக் என் வேலை இல்லை தம்பி.

வெல்லாவெளி, அல்டோ: வெள்ளத்துக்குள்ளால் ஓடினேன். முன் டிஸ்க் நல்லாக இருக்கிறது, பின்னால் இறுகிப் பிடிக்கிறது.

பின்னால் டிரம். உள்ளே போன சேறு தானாக வெளியே வராது. டிரம்மைக் கழற்றிக் கழுவி, லைனரையும் வீல் சிலிண்டர் ரப்பரையும் பாருங்கள். மழை விட்டதும் செய்யுங்கள், லைனர் ஒட்டிக்கொண்டால் கழற்றுவதே பெரும்பாடு.

நிந்தவூர், விட்ஸ்: நேற்றுப் பேட்டும் டிஸ்கும் புதிது போட்டேன். பெடலை அழுத்திப் பிடித்தால் மெதுவாகக் கீழே இறங்குகிறது. விடியக் கண்டி போக வேண்டும். பழக்கப்படாததால் இருக்குமா?

இல்லை. பழக்கப்படாத பேட்டில் கார் நிற்கக் கொஞ்சம் தாமதிக்கும், பெடல் இறங்காது. எங்கேயோ ஒயில் கசிகிறது, அல்லது பெடலை மிதிக்கும்போது ஒயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போய்விட்டது. நாலு சில்லின் உள்பக்கமும் ஈரமா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். ஒன்றும் இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டர்தான். கண்டிக்கு பஸ்ஸில் போங்கள், வந்து செய்யலாம்.