கொலை கேஸ்ல மாட்டுன பையனுக்கு ஜாமீன் உண்டா? கேட்டவங்களுக்கு என் பதில்

வணக்கம். 18 வயசுக்குக் கீழ உள்ளவங்க கேஸை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமத்துல பசங்களுக்காக ஆஜராகுற வக்கீல் நான். வந்த கேள்விகள்ல பலருக்கும் பயன்படுறதை எடுத்திருக்கேன்.

அண்ணா, தம்பிக்கு 17 வயசு, கொலை கேஸ். கொலைக்கெல்லாம் ஜாமீனே கிடையாதுன்னு ஊர்ல சொல்றாங்க, உண்மையா?

இல்லம்மா. 2015 இளைஞர் நீதிச் சட்டம் 12வது பிரிவுப்படி 18 வயசுக்குக் கீழ இருந்தா எந்தக் குற்றமா இருந்தாலும் ஜாமீன்ல விடுறதுதான் விதி. மறுக்க மூணே காரணம்தான்: வெளிய வந்தா தெரிஞ்ச குற்றவாளிங்களோட சேர்ந்துடுவான், அவனுக்கே உடம்பாலயோ மனசாலயோ ஒழுக்கத்தாலயோ ஆபத்து, இல்லன்னா நீதியோட நோக்கமே கெட்டுப்போகும். அதையும் காரணத்தோட எழுதணும். குற்றம் கொடூரமானதுங்கிறது அந்த லிஸ்ட்லயே இல்ல. ராஜஸ்தான் பையன் ஒருத்தனை இப்படி எதுவுமே பதிவு பண்ணாம ஒரு வருஷத்துக்கு மேல உள்ள வச்சிருந்தாங்க, 2024 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்தான் விடச் சொல்லுச்சு.

அப்ப செத்தவங்க குடும்பத்துக்கு என்ன நியாயம் சார்? புனே கார் கேஸைப் பார்த்தோமே.

உங்க கோவம் நியாயமானது, எனக்கும் வயிறு எரிஞ்சுச்சு. 2024 மே 19 விடியக்காலைல ரெண்டு இளம் இன்ஜினியருங்க உயிர் போச்சு, கார் ஓட்டுனதா சொல்லப்பட்ட 17 வயசுப் பையனுக்கு அன்னைக்கே ஜாமீன், நிபந்தனைல ஒண்ணு 300 வார்த்தை கட்டுரை. அந்தக் கட்டுரை செத்தவங்களோட அப்பா அம்மாவைக் கேவலப்படுத்துன மாதிரி, அதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல. ஆனா அப்புறம் ஜனங்க கொதிச்சதும் அவனை, விசாரணைல இருக்குற பசங்களை வைக்கிற கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்புனாங்களே, அது சட்டப்படி தப்புன்னு ஜூன் 25ல பம்பாய் ஹைகோர்ட் சொல்லி அத்தை பொறுப்புல விட்டுச்சு. ஜாமீன் கொடுத்தா கேஸ் முடிஞ்சுதுன்னு அர்த்தம் இல்ல சார், விசாரணை அது பாட்டுக்கு நடக்கும். என் ஆதங்கமே வேற, அதே பிரிவு குடிசைப் பையனுக்கும் இருக்கு, ஆனா அவனுக்கு அது அவ்வளவு வேகமா வேலை செய்றதில்ல.

ஜாமீன் கிடைச்சும் ஷ்யூரிட்டி கொடுக்க ஆள் இல்லாம பையன் உள்ளயே இருக்கான்.

ஏழு நாளைக்குள்ள நிபந்தனையை நிறைவேத்த முடியலன்னா அவனைத் திரும்பக் குழுமத்துல நிறுத்தி நிபந்தனையை மாத்தணும், சட்டத்துலயே இருக்கு, ஆனா நாம கேட்டாதான் நடக்குது. ஒரு சித்தாள் அம்மா, மகன் உள்ள போய் நாப்பது நாள் ஆனப்புறம் என்கிட்ட வந்தாங்க. சிமெண்ட்டுல வெடிச்ச விரலால பிளாஸ்டிக் கவரைப் பிரிச்சு ரேஷன் கார்டு, ஆதார், யாருமே கேக்காத அவனோட டென்த் மார்க் ஷீட்டுன்னு ஒவ்வொண்ணா மேஜைல வச்சாங்க. மனு போட்டதும் அம்மாவோட சொந்த ஜாமீனே போதும்னுட்டாங்க. அந்த நாப்பது நாளை யார் திருப்பித் தர்றது?

போலீஸ் 19 வயசுன்னு எழுதிட்டாங்க.

ஸ்கூல் சர்டிபிகேட்டோட உடனே குழுமத்துக்குப் போங்க, அதுக்குதான் முதல் மதிப்பு, அடுத்து நகராட்சியோ பஞ்சாயத்தோ கொடுத்த பிறப்புச் சான்று, ரெண்டும் இல்லன்னாதான் எலும்பு டெஸ்ட்.

16 தாண்டிட்டா பெரியவங்க மாதிரி விசாரிச்சு ஜெயில்ல போட்டுடுவாங்களா?

எடுத்தவுடனே இல்ல. குறைஞ்சபட்ச தண்டனையே 7 வருஷமோ அதுக்கு மேலயோ இருக்குற குற்றமா இருந்தா பெரியவங்க மாதிரி விசாரிக்கலாமான்னு குழுமம் பையனோட மனநிலை, புரிதல் எல்லாம் பார்த்து முடிவெடுக்கும். அப்படி முடிவாகி கேஸ் குழந்தைகள் கோர்ட்டுக்குப் போனாலும் 21 வயசு வரைக்கும் ஜெயில் கிடையாது. ஆனா இந்த மதிப்பீட்டுச் சண்டையிலயே வருஷம் ஓடிடும், அதான் கொடுமை. 2017 குருகிராம் ஸ்கூல் கொலை கேஸ்ல 16 வயசுல பிடிபட்ட பையனுக்கு 2022 அக்டோபர்லதான் ஜாமீன்.

ஜாமீன் விசாரணைக்கு நாங்க என்ன தயார் பண்ணணும்?

நன்னடத்தை அலுவலர் வீட்டைப் பார்த்து எழுதுற ரிப்போர்ட்தான் உயிர்நாடி. வெளிய வந்தா எங்க தங்குவான், யார் பார்த்துப்பாங்க, எந்த ஸ்கூல், இதுக்கெல்லாம் பதில் இருக்கணும். தெருவுல பகை இருந்தா வேற ஊர்ல சித்தப்பா வீடோ பாட்டி வீடோ சொல்லி அவங்களையே நேர்ல கூட்டிட்டு வாங்க. ரிப்போர்ட் என்ன சொல்லுதுன்னு வக்கீலை விட்டு முன்னாடியே பார்க்கச் சொல்லுங்க, "கண்டிக்க ஆள் இல்லை"ன்னு ஒரு வரி இருந்தா அன்னைக்கே எழுந்து மறுக்கணும்.