காந்தளூர்ச் சாலைக்குப் பேருந்தில் போகலாம்

கேள்வி: என் மகள் திருவனந்தபுரத்தில் கல்லூரியில் படிக்கிறாள். மாதம் ஒருமுறையாவது பேருந்தில் போய் அவளைப் பார்த்து வருகிறேன். பத்மநாபசுவாமி கோயில், மிருகக்காட்சிசாலை, சங்குமுகம் எல்லாம் பலமுறை பார்த்தாகிவிட்டது. எளிதில் கண்ணில் படாத பழமை ஏதேனும் அந்நகரில் உண்டா?
வாசகி ஒருவர், களியக்காவிளை

பதில்: உண்டு, அம்மா. நீங்கள் போகும் பேருந்தே அதன் அருகில்தான் செல்கிறது. தம்பானூர் வரை போகாமல், கரமனையைத் தாண்டிக் கிள்ளிப்பாலத்தில் இறங்கி வலியசாலைக்கு நடந்து செல்லுங்கள். அக்கிரகாரத் தெருவில் தமிழ்ப் பேச்சு காதில் விழும். ‘காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி’ என்று முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி (கல்வெட்டின் புகழுரை) கூறும் சாலை, அதாவது மாணவர் தங்கிப் படித்த கல்விக்கூடம், அங்குள்ள மகாதேவர் கோயிலைச் சார்ந்தே இருந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கலம் என்பது மரக்கலமா, உண்கலமா என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. நம் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் இச்சாலையை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

அச்சாலையின் பெருமைக்குச் சான்று உங்கள் ஊர்ப்பக்கமே இருக்கிறது. புதுக்கடையை அடுத்த பார்த்திவபுரத்தில் திருமால் கோயில் எடுத்த ஆய் மன்னன் கருநந்தடக்கன், காந்தளூரின் ஒழுங்கையே முன்மாதிரியாகக் கொண்டு 95 சட்டர்களுக்கு, அதாவது மாணவர்களுக்கு, அங்கே ஒரு சாலையை நிறுவினான். 866-ஆம் ஆண்டைச் சேர்ந்த அவனது செப்பேடு தமிழில், வட்டெழுத்து என்ற பழைய எழுத்து முறையில் அமைந்தது. இலக்கணத்தோடு மூவேந்தர் நாட்டு நடைமுறையும் அறிந்தவரே அதில் சேரலாம் என்றும், ஒருவரையொருவர் வைதாலும் தாக்கினாலும் தண்டம் உண்டு என்றும் அது விதிக்கிறது. கல்லூரியில் படிக்கும் உங்கள் மகளுக்கு இவ்விதிகளைக் கட்டாயம் சொல்லுங்கள். ஆயிரத்து நூறாண்டுக்கு முந்தைய மாணவர் விடுதி அவள் கண்முன் வந்து நிற்கும்.

கிழக்கேகோட்டையில் பத்மநாபசுவாமி கோயிலுக்கு எதிரே, மணிதோறும் இரண்டு ஆடுகள் ஒரு தாடிக்கார முகத்தின் கன்னங்களில் முட்டும் ‘மேத்தன் மணி’ என்ற கடிகாரத்தையும், 122 மரக்குதிரைகள் தாங்கும், திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் குதிரைமாளிகையையும் பார்க்கலாம். எனினும், பேரூர்க்கடைப் பக்கம் போகும்போது ஒருவரை நினைத்துக்கொள்ள வேண்டுகிறேன். தமிழ்த்தாய் வாழ்த்தைத் தந்த மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை, இன்று யூனிவர்சிட்டி கல்லூரி எனப்படும் கல்லூரியில் தத்துவம் கற்பித்தபடியே கல்வெட்டுகளைப் படித்து, திருவிதாங்கூரின் பழைய மன்னர்களுடைய காலத்தைக் கணித்தவர்; பேரூர்க்கடையிலிருந்த தம் இல்லத்துக்குத் தம் ஆசிரியரின் பெயரால் ஹார்விபுரம் என்று பெயரிட்டவர்.

வலியசாலைக் கோயிலின் நடையை முற்பகலிலேயே சாத்திவிடுவார்கள். ஆகவே விடியலில் புறப்படும் பேருந்தையே பிடியுங்கள்.