பேரேட்டைப் படிக்கத் தெரிந்தால் போதுமா?

கேள்வி: என் அப்பா ஜார்ஜ் டவுன் லெபோ பினாங்கில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் (வட்டிக்கடையில்) கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அவர் விட்டுப்போன தகரப் பெட்டியில் இரண்டு பேரேடுகளும் கொஞ்சம் போட்டோக்களும் இருக்கின்றன. மாநில அரசின் பாரம்பரிய அமைப்புகள் தன்னார்வலர்களைச் சேர்ப்பதாகக் கேள்விப்பட்டேன். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தேன், வயது 67. அப்பாவின் கணக்கெழுத்து மட்டும் நன்றாக வாசிப்பேன். என்னைச் சேர்த்துக்கொள்வார்களா?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அம்மா, 'மட்டும்' என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அந்த வேலைக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. பட்டம் வாங்கிய பலரிடம் பழைய பேரேட்டைக் கொடுத்தால் திணறுவார்கள். அதில் புள்ளி இருக்காது, காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசம் தெரியாது, ௭, ௮ என்று எண் போட்டிருந்தால் அதை எ, அ என்று எழுத்தாகவே படித்துவிடுவார்கள். ஆண்டு இன்னும் பெரிய சிக்கல். 'சித்திரபானு வருஷம்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது 1882ஆ 1942ஆ என்று எப்படிச் சொல்வது? அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வருகிறதே. கணக்கில் யார் பெயர் வருகிறது, எந்தப் பணம் புழங்குகிறது, ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டா என்றெல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவருக்கு அது சட்டென்று பிடிபடும்.

லெபோ ஆச்சேயில் இருக்கும் ஜார்ஜ் டவுன் வேர்ல்ட் ஹெரிட்டேஜ் அலுவலகத்துக்கு நேரில் போய், என்னால் இதைப் படிக்க முடியும் என்று சொல்லுங்கள். நகரத்துக்கு 2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது, அந்த நாளை ஒட்டி ஆண்டுதோறும் விழா நடக்கும், அப்போது தெருவில் நின்று சொந்த ஊர்க்கதை சொல்லவும் ஆட்கள் தேவைப்படும். பினாங்கு மாநில அருங்காட்சியகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

ஒன்று மட்டும் கவனம். பெட்டியை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஸ்கேன் எடுத்துவிட்டுத் திருப்பித் தருவார்களா, நிரந்தரமாகவே வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால், போட்டோவில் இருப்பது யார், எந்த இடம் என்று பின்பக்கம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டவே வேண்டாம். கிழிந்த தாளில் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட்டும் செய்யாதீர்கள். எங்கள் வீட்டில் தாத்தாவின் பழைய அடையாள அட்டையைப் பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்தோம், சூட்டில் மை பரவி அவர் பெயரே படிக்க முடியாமல் போய்விட்டது. இன்றைக்கும் அதை எடுத்துப் பார்த்தால் மனசு கனக்கிறது.

கேள்வி: கோலாலம்பூரில் படிக்கிறேன். என் பாட்டி தோட்டத்தில் பிறந்தவர், அவர் அப்பாவை ஜப்பான்காரர்கள் போரின்போது சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். இதைப் பதிவு செய்து எங்கே கொடுக்கலாம்?
- மாணவர், செந்தூல்

பதில்: தம்பி, முதலில் பதிவு செய்யுங்கள், இந்த வாரமே. எங்கே கொடுப்பது என்பதை அப்புறம் பார்க்கலாம். தேசிய ஆவணக் காப்பகம் ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிமில் இருக்கிறது (ஜாலான் டூத்தா என்றால்தான் டாக்சிக்காரருக்குத் தெரியும்), தனியார் ஆவணங்களையும் வாய்மொழி வரலாற்றையும் அங்கே சேகரிக்கிறார்கள். அந்த ரயில்பாதை 415 கிலோமீட்டர், 1943இல் முடிந்தது, அதில் மாண்டுபோன நம் தோட்டத்து ஆட்களில் எத்தனையோ பேருக்குப் பெயரோ கல்லறையோ இல்லை. அதனால் பாட்டியிடம் கொள்ளுத்தாத்தாவின் முழுப்பெயர், தோட்டம், குடியிருந்த லயம் (தொழிலாளர் வரிசைவீடு), கூடப் போனவர்கள் யார் என்று கேளுங்கள். "ஜப்பான் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "கஷ்டம்தான் அய்யா" என்பதோடு நிறுத்திவிடுவார். மரவள்ளிக்கிழங்கை எப்படிச் சமைத்தார்கள், துணிக்கு என்ன செய்தார்கள், அப்பா கிளம்பிய அன்று வாசலில் யார் நின்றார்கள் என்று கேளுங்கள். ஒலிப்பதிவின் தொடக்கத்திலேயே தேதியையும் இடத்தையும் சொல்லி, மற்றவர்கள் கேட்கலாமா என்று பாட்டியின் சம்மதத்தையும் அவர் குரலிலேயே வாங்கிவிடுங்கள். களைப்பாகத் தெரிந்தால் நிறுத்திவிட்டு மறுநாள் போங்கள்.