ஆக்குபேஷனல் தெரபி (உடம்பு முடியாதவங்க அன்றாட வேலைகள தாங்களே செய்யப் பழக்கற சிகிச்சை) முடிச்சிட்டு டீச்சிங், ரிசர்ச்னு போனா பேஷன்ட்ஸ விட்டுட்டுப் போன மாதிரி ஆயிடுமா?

கிளினிக்ல நாலு வருஷம் இருந்துட்டு இதக் கேக்கறீங்க. எனக்கும் இதே பயம் இருந்துச்சு, அதனால எனக்கு நடந்ததையே சொல்றேன்.

ஸ்ட்ரோக் வந்து வலது கை பலவீனமான ஒருத்தர், மூணு மாசம் அவர பெக் போர்டுல, அதாவது ஓட்டை போட்ட பலகைல, ஒவ்வொரு பெக்கா (சின்னக் குச்சியா) எடுத்து சொருக வெச்சேன், நேரமும் குறைஞ்சுகிட்டே வந்துச்சு, நானும் ஃபைல்ல நல்ல முன்னேற்றம்னு எழுதிட்டேன். ஒருநாள் அவர் மனைவி, "வீட்ல இன்னும் சட்ட பட்டன நான்தாங்க போட்டு விடறேன்"னாங்க. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. பெக்க புடிக்கிற விரலுக்கு பட்டன் ஏன் வசப்படல? இந்த ஒரு கேள்விதான் என்னை மாஸ்டர்ஸ், பிஹெச்டின்னு இழுத்துட்டுப் போச்சு.

அப்ப படிச்சதுல மனசுல நின்னது, 1997ல ஜாமாங்கற மருத்துவ ஜர்னல்ல வந்த ஃப்ளோரன்ஸ் கிளார்க் குழுவோட ஆய்வு. சொந்தமா சமாளிச்சு வாழ்ற, 60 வயசும் அதுக்கு மேலயும் ஆன 361 பேர். ஒரு குரூப்புக்கு 9 மாசம் ஆக்குபேஷனல் தெரபி, இன்னொண்ணுக்கு சும்மா கூடிப் பொழுதுபோக்கறது, மூணாவதுக்கு ஒண்ணும் கிடையாது. தெரபி குரூப் பல விஷயத்துல முன்னாடி இருந்தாங்க, ஆனா பொழுதுபோக்கு குரூப்புக்கும் ஒண்ணுமே தராத குரூப்புக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. ஆள பிஸியா வெச்சிருந்தா அது தெரபி ஆயிடாதுன்னு நம்ம எல்லாரும் வாயில சொல்றத அவங்க கண்ட்ரோல் குரூப் வெச்சுக் காட்டினாங்க, அதான் எனக்கு ரிசர்ச் மேல மரியாதை வந்த இடம்.

டீச்சிங் பத்தி. உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கூட்டமைப்போட தரப்படி ஒரு ஸ்டூடண்டுக்கு குறைஞ்சது 1000 மணி நேரம் ஃபீல்ட்வொர்க், அதாவது நேரடி களப் பயிற்சி வேணும், அந்த நேரத்துல நான் திரும்பத் திரும்பக் கேக்கறது "இத ஏன் இவருக்குக் குடுக்கற?" மட்டும்தான். முதல் வாரம், பட்டன் போடறத படிப்படியா எழுதச் சொல்வேன், அஞ்சு வரில முடிச்சிடுவாங்க. அப்புறம் ஒரு கைய மட்டும் வெச்சு போட்டுப் பாத்துட்டு எழுதுங்கன்னா ரெண்டு பக்கம் தாண்டும், துணிய எந்த விரல் இழுத்துப் புடிக்குது, கண்ணு எப்ப உதவுது, ஓட்டைக்குள்ள பாதி போன பட்டன மறுபக்கம் யார் வாங்கறதுன்னு எல்லாம் வரும். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே இந்த வேலைல இருக்கலாம்.

கஷ்டம்னா, பேப்பர் ரிஜெக்ட் ஆகும், எத்திக்ஸ் கமிட்டி திருப்பி அனுப்பும், பாதில ஆளுங்க விலகிடுவாங்க, கடைசில கைல மிஞ்சற டேட்டா சின்னதா இருக்கும். பழகிடும். ஆனா கிளினிக்க முழுசா விட்டுடாதீங்க, வாரத்துல அரை நாளாவது பேஷன்ட் பாருங்க. சென்சரி இன்டக்ரேஷன் தியரிய (புலன்கள்ல வர்ற தகவல மூளை எப்படி ஒண்ணு சேக்குதுங்கறத) உருவாக்கின ஜீன் ஏர்ஸ் பெரிய ஆராய்ச்சியாளரா ஆனப்புறமும் குழந்தைங்களோட வேலை செஞ்சுட்டேதான் இருந்தாங்க.

இப்பவே ஒரு நோட்டு போடுங்க. எந்த பேஷன்ட்கிட்ட என்ன புரியலன்னு அன்னன்னைக்கே எழுதுங்க, பேர் வேணாம். பிஹெச்டிக்கு கைடு தேடிப் போறப்ப "எதுல பண்ணப் போற"ன்னுதான் முதல்ல கேப்பாங்க, அப்ப அந்த நோட்டு கைல இருக்கட்டும்.